கதாநாயகனுக்குப் பெண் கொடுப்பீர்களா?

உயர்தர வகுப்பில் இடைவேளை என்றால் நாவல் பேச்சுத்தான். உம்மா எங்கள் வயதில் கண்டி டி. எஸ். சேனாநாயக்க நூலகத்தில் ரமணிசந்திரனை எடுத்து வாசித்தாராம். எங்களுக்கு இப்போது போனில் வரும் ‘ஆன்டி ஹீரோ’ கதைகள். அவற்றில் நாயகன் அவளைக் கடத்துவான், மிரட்டிக் கல்யாணம் முடிப்பான், சிநேகிதிகளோடு பேசவும் விடமாட்டான். கடைசி அத்தியாயத்தில் அதற்குப் பெயர் காதல். நானும் இரவில் விழித்திருந்து வாசித்தேன். அவனுடைய கோபத்தை அன்பு என்றே நம்பினேன்.

சென்ற விடுமுறையில் தாத்தாவுக்கு அக்குறணையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. வாப்பா முதலில் விசாரித்தது வருமானத்தை அல்ல. “பொடியன் கோபக்காரனா? வீட்டில் உம்மாவோட எப்படிப் பேசுவான்?” என்றுதான் கேட்டார். பிறகு தாத்தாவைக் கூப்பிட்டு, “உங்களுக்கு விருப்பமா மகள்?” என்றார். பெண்ணின் சம்மதத்தைக் கேட்கும்படி மார்க்கமும் சொல்கிறது. எனக்குச் சுருக்கென்றது. நான் இரசித்த நாயகர்களில் ஒருவன்கூட வாப்பாவின் முதல் கேள்வியைத் தாண்டமாட்டான்.

கொலீன் ஹூவர் 2016இல் வெளியிட்ட ‘இட் எண்ட்ஸ் வித் அஸ்’ நாவலிலும் மனைவியை அடிக்கும் கணவன் வருகிறான். ஆனால் அவள் அவனை விட்டு விலகுகிறாள். கொடுமையைக் கதையில் எழுதுவது பிழையில்லை. அதைக் காதல் என்று எழுதுவதுதான் பிழை.

பெற்றோரே, போனைப் பறித்தால் ஒளித்து வாசிப்போம். பக்கத்தில் இருந்து, “இவனுக்கு நம் வீட்டுப் பிள்ளையைக் கொடுப்போமா?” என்று கேளுங்கள். பதிலை நாங்களே சொல்வோம்.