பத்தடிக்குப் பத்தடி

அம்மாடி, மொட்டைமாடியில் பத்தடிக்குப் பத்தடி இடம் கிடைத்ததுமே நர்சரிக்குக் கிளம்பிவிட்டாயாமே! கொஞ்சம் பொறு. முதலில் ஒரு சாக்பீஸோடு மாடிக்குப் போ. காலை, உச்சிவேளை, மாலை என்று மூன்று வேளையும் தண்ணீர்த் தொட்டியின் நிழலும் கைப்பிடிச் சுவரின் நிழலும் எதுவரை வருகின்றன என்று தரையில் கோடு போடு. தக்காளி, கத்தரி, வெண்டைக்கெல்லாம் நாளுக்கு 6 மணி நேர வெயிலாவது வேண்டும். அரைநிழலில் புதினாவையும் பொன்னாங்கண்ணியையும் வைத்துக்கொள். நூறு சதுர அடி என்பது வீட்டுக்காரர் கணக்கு. வெயில் விழுகிற அளவுதான் உன் கணக்கு.

சென்னையில் வருடத்தின் பெரும்பகுதி சூரியன் தெற்கே சாய்ந்துதான் போகும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரைதான் உச்சியைத் தாண்டி வடக்கே லேசாக ஒதுங்கும். ஆகவே புடலையும் பீர்க்கனும் ஏறும் வலையை வடக்கு ஓரத்தில் கட்டு. தெற்கே கட்டினால் மார்கழியில் மற்றச் செடிகள் எல்லாம் நிழலில் தவிக்கும். படுக்கைப் பந்தல் இடத்தை அடைக்கும். இரண்டு குழாய் நட்டு நைலான் வலையை நிமிர்த்திக் கட்டு, போதும்.

மற்ற மூன்று பக்கமும் பைகளை அடுக்கிவிடாதே. 'ப' எழுத்துபோல வை. தெற்குப் பக்கம் திறந்திருக்கட்டும். எந்த வரிசையும் இரண்டடிக்கு மேல் அகலம் வேண்டாம். நடக்க வழிவிடச் சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இடம் வீணாகிறதே என்று கோபம் வரும். கை எட்டாத செடியில் மாவுப்பூச்சி வந்தால் யார் பார்ப்பது?

எடையையும் யோசி. ஆள் நடமாடும் மாடித்தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ பாரம் என்ற கணக்கில்தான் பொதுவாகக் கட்டுகிறார்கள். 200 லிட்டர் டிரம்மில் மண்ணை நிரப்பி எலுமிச்சை வைக்கும் ஆசை வந்தால், பொறியாளர் ஒருவரைக் கேட்காமல் செய்யாதே. பைகளுக்குச் செம்மண், தென்னைநார்க் கழிவு, மக்கிய தொழுவுரம் மூன்றையும் சமமாகக் கல. பாரமும் குறையும், ஈரமும் நிற்கும். செங்கல் மேல் தூக்கி வைத்தால் அடியில் நீர் தேங்காது.

இடத்தைக் காலத்தாலும் பெருக்கலாம். கத்தரி நாற்று நட்ட அன்றே அதைச் சுற்றி முளைக்கீரை தூவு. சுமார் 25 நாளில் கீரையைப் பிடுங்கிவிடலாம். கத்தரி அதற்குப் பிறகுதான் கை விரிக்கும். ஒரே பை, ஒரே தண்ணீர், இரண்டு கறி.

முருங்கை மட்டும் மாடியில் வேண்டாம். பலமான காற்றுக்குக் கிளை முறியும். கீழ்வீட்டு மாமி மரம் வைத்திருக்கிறாரே, புதினா கொடுத்துக் கீரை வாங்கிக்கொள்.