ஹோமத்துக்கு வால்வை மூடலாமா?

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் எழும்பி நிற்கும் அடுக்குமாடிகளில் தீயணைப்புக் குழாய் வேலை பார்ப்பவன் நான். ஸ்பிரிங்க்ளரைப் பற்றி வீட்டுக்காரர்கள் கேட்கும் கேள்விகளில் தீ அபூர்வமாகத்தான் வரும். அவர்களுக்குத் தண்ணீர்தான் பயம். "சாம்பிராணி போட்டா ஊத்திடுமா சார்?" "தோசைக்கல்லு புகைஞ்சா?" கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் கட்டாயம் ஒரு போன் வரும்: "நாளைக்குக் கணபதி ஹோமம். வால்வைக் கொஞ்சம் மூடி வைங்களேன்."

புகைக்கும் ஸ்பிரிங்க்ளருக்கும் சம்பந்தமே இல்லை. புகையைக் கண்டுபிடிப்பது ஸ்மோக் டிடெக்டரின் வேலை. அது கத்தும், அவ்வளவுதான். ஸ்பிரிங்க்ளருக்குத் தெரிந்ததெல்லாம் சூடு. சீலிங்கில் தொங்கும் அதன் தலையை 'ஹெட்' என்போம். ஹெட்டின் நடுவே 3 அல்லது 5 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு கண்ணாடிக் குப்பி இருக்கும். உள்ளே சாயத் திரவம், கூடவே ஒரு பொடிக் காற்றுக்குமிழி. சூடு ஏற ஏறத் திரவம் விரியும், குமிழி சுருங்கி மறையும், அதற்குமேல் விரிய இடமில்லாமல் கண்ணாடி உடையும். அது முட்டுக்கொடுத்திருந்த மூடி தெறிக்க, தண்ணீர் பாயும். இதற்குக் கரண்டும் வேண்டாம், சென்சாரும் வேண்டாம். இத்தனை வருஷம் பார்த்தும் எனக்கு அலுக்காத பொருள் அந்தக் குப்பிதான். சாயத்தைப் பார்த்தே அளவைச் சொல்லிவிடலாம்: ஆரஞ்சு 57 டிகிரி, சிவப்பு 68, மஞ்சள் 79, பச்சை 93. அறையின் உச்ச வெயில் சூட்டைவிட 30 டிகிரியாவது கூடுதலாக வைப்பது வழக்கம். சென்னை வீட்டுக்குச் சிவப்பு சரியாக இருக்கும்.

ஒரு ஹெட் உடைந்தால் வீடு முழுக்க மழை பெய்யும் என்பது சினிமா பார்த்து வந்த நம்பிக்கை. சூடு பட்ட ஹெட் மட்டும்தான் திறக்கும். சாதாரண ஹெட்டில் ஒரு பார் அழுத்தத்துக்கு நிமிடத்துக்கு 80 லிட்டர் வரும். குழாயில் தேங்கிக் கிடந்த தண்ணீர் முதலில் கறுப்பாக, நாற்றத்தோடு கொட்டும் என்பதையும் நான் மறைப்பதில்லை. ஆனால் தீ முற்றியபின் தீயணைப்பு வண்டி வந்து ஹோஸ் பிடித்தால், சோபா நனைவதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

கலிபோர்னியாவில் 2011 முதல் புதிதாகக் கட்டும் தனி வீட்டுக்கும் ஸ்பிரிங்க்ளர் கட்டாயம். வேல்ஸில் 2016 முதல் புது வீடுகளுக்கெல்லாம். அங்கே நடந்த சண்டை, போடுவதா வேண்டாமா, செலவு யார் தலையில் என்பது. இங்கே உயரமான கட்டடங்களில் அனுமதிக்காக பில்டரே போட்டுவிடுகிறார். வீட்டுக்காரர் சாவியோடு சேர்த்து அதையும் வாங்கிக்கொள்கிறார். கேட்டு வாங்காத பொருள்மேல் பிரியம் எங்கிருந்து வரும்? அதனால் எங்கள் பாடு போட வைப்பதில் இல்லை, போட்டதை இருக்கவிடச் சொல்வதில்தான்.

முதல் எதிரி ஃபால்ஸ் சீலிங். இன்டீரியர்காரர் ஜிப்சம் போர்டை அடித்து, "அசிங்கமா தொங்குது" என்று ஹெட்டை மேலேயே புதைத்துவிடுவார். தீப்பிடித்தால் வெந்த காற்று போர்டுக்குக் கீழேதான் பரவும். மேலே இருக்கும் குப்பிக்கு நேரத்தில் சேதி போகாது. போர்டு ஏறும் முன்பே சொன்னால் குழாயை நீட்டிப் போர்டு மட்டத்துக்குக் கீழே ஹெட்டை இறக்கித் தருவோம். கண்ணில் படவே கூடாது என்றால் கன்சீல்டு வகை இருக்கிறது. தட்டையான மூடித்தகடு குப்பியைவிடக் குறைந்த சூட்டிலேயே கழன்று விழுந்துவிடும். காசு கொஞ்சம் கூட.

அடுத்தது பெயிண்டர். சீலிங்கோடு சேர்த்து ஹெட்டுக்கும் ஒரு கோட் அடித்துவிடுவார். பெயிண்ட் சூட்டைத் தடுக்கும், மூடியையும் ஒட்டவைக்கும். தின்னர் போட்டுத் துடைத்துத் தரச் சொல்வார்கள். கூடாது, அந்த ஹெட்டை மாற்றத்தான் வேண்டும். கன்சீல்டு தகட்டுக்கும் இதே கதி. கம்பெனியிலிருந்து வரும் நிறத்தோடு விட்டுவிட வேண்டும். பெயிண்ட் அடிக்கும்போது பேப்பர் கவர் மாட்டி, அன்றைக்கே கழற்றினால் தீர்ந்தது. துணி காயப்போட ஹெட்டில் கொடி கட்டுபவர்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

இனி ஹோமம். புகைக்குப் பயப்பட வேண்டாம் என்று சொல்லி நழுவிவிட முடியாது. தாழ்ந்த சீலிங், ஹெட்டுக்கு நேர் கீழே குண்டம், சாஸ்திரிகள் தாராளமாக நெய் விடுகிறார் என்றால் அங்கே 68 டிகிரி எட்டுவது நடக்கக்கூடியதே. வெந்த காற்று நேராக ஏறி சீலிங்கில் மோதி, விலகி ஓடும்போது சீக்கிரம் ஆறிவிடும். ஆகவே குண்டத்தை இரண்டு ஹெட்டுக்கு நடுவில், எதிலிருந்தும் ஆறேழு அடி தள்ளி வைக்கச் சொல்வேன். ஜன்னலைத் திறந்து வையுங்கள், தீயைச் சின்னதாக வையுங்கள். முடிந்தால் பால்கனி.

வால்வை மட்டும் மூடமாட்டேன். பெரும்பாலான கட்டடங்களில் மாடிக்கு ஒரு வால்வுதான். உங்கள் பூஜைக்காக மூடினால் எதிர்வீட்டுப் பாட்டிக்கும் சேர்த்து மூடியாகிவிடும். பூஜை முடிந்து இலை போட்டபின் அதைத் திறக்க ஞாபகமுள்ள ஒருவரை நான் பார்த்ததில்லை. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், அசோசியேஷன் செக்ரட்டரியைக் கூப்பிடுவார்கள். அவர் கூப்பிட்டாலும் நான் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து, குண்டத்துக்கு இடம்தான் அளந்து கொடுப்பேன்.