விண்டிஷ் முகாமில் ஓர் ஆஸ்பத்திரி

சுவிசில் புறுக் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து ஊர் விண்டிஷ். மகளோடு போயிருந்தேன். கி.பி. முதலாம் நூற்றாண்டில் இங்கே ரோமானியரின் பெரிய படைமுகாம் இருந்தது. காயப்பட்ட படையினருக்கு உள்ளேயே ஆஸ்பத்திரியும் கட்டியிருந்தார்கள். தோண்டியெடுத்த பொருட்கள் புறுக் நூதனசாலையில் உள்ளன.

அக்காலத்தில் மருத்துவம் எழுதியவர் செல்சஸ். இரத்தம் நிற்கக் காயத்தை அழுத்து, வினாகிரி வை என்கிறார். நில்லாவிட்டால் இரத்தக்குழாயை இரண்டு இடத்தில் கட்டி, நடுவில் வெட்டு என்கிறார்.

கி.பி. 69இல் இதே முகாமின் 21ஆம் படையணி, அயலில் வெந்நீர் ஊற்றுள்ள பாடன் ஊரைக் கொள்ளையடித்தது. உள்ளூர்ச் சனங்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள்.

“அந்தச் சனத்துக்கு ஆரப்பா மருந்து கட்டினது?” என்றாள் மகள். எனக்கு எங்கள் ஊர்தான் நினைவில் வந்தது.

ஒரு ஞாயிறு பிள்ளைகளோடு போய்வாருங்கள்.