பட்டைக்குத் திரும்பிய வளைவு

"வண்டியில யார் யார் உக்காருவீங்க தம்பி?"

நான் எழுதி எடுத்துப்போன பட்டியலை ஸ்பிரிங் பட்டறை மேஸ்திரி கையில் வாங்கவே இல்லை. வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்த வேண்டும், பெரிய டயர் போட வேண்டும், கூரையில் கேரியர், முன்னால் இரும்பு கார்டு என்று வரிசையாக எழுதியிருந்தேன். அவருக்கு வேண்டியது வேறு. நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், எழுபத்திரண்டு வயது அம்மா, கோயிலுக்குப் போகும்போது மட்டும் பெரியம்மாவும் என்றேன். "அம்மாவுக்கு முழங்கால் எப்படிங்க இருக்குது?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியின் பின்பக்கம் போய்க் குனிந்தார்.

நாமக்கல் லாரி பாடி கட்டும் தொழிலுக்குப் பேர்போன ஊர். அந்தத் தொழிலை ஒட்டியே ஸ்பிரிங் பட்டை வேலையும் வளர்ந்தது. மேஸ்திரிக்கு வயது அறுபதுக்கு மேல். அவருடைய பட்டறைக்குப் பெரும்பாலும் லாரிகள்தான் வரும். ஒரு குடும்ப வண்டியை நான் இங்கே கொண்டுவந்ததற்குக் காரணம், போன ஆடியில் உடைந்த, பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்.

எங்கள் குலதெய்வம் கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கிறது. கடைசி மூன்று கிலோமீட்டர் பாதையே கிடையாது. உருண்டைக் கல் கிடக்கும் ஓடையைக் கடந்துதான் போக வேண்டும். வண்டி 2014 மாடல் பொலேரோ. நாலு வருஷத்துக்கு முன் வேறு ஓர் இடத்தில், வண்டி தூக்கலாக நிற்கும் என்று சொல்லிப் பின்பக்கம் கூடுதலாக ஒரு பட்டை சேர்த்தார்கள். தூக்கலாகத்தான் நின்றது. ஆனால் அதிக ஆள் இல்லாமல் ஓட்டினால் பின்பக்கம் எகிறி எகிறிக் குதிக்கும். ஒவ்வொரு பயணம் முடிந்ததும் அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவார். சாலைதான் மோசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஓடை நடுவில் போல்ட் முறிந்து ஆக்சில் ஒருபக்கமாக நகர்ந்தபோதுதான் கோளாறு எங்கே என்று புரிந்தது.

மேஸ்திரி டேப்பை எடுத்து வீல் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நாலு பக்கமும் அளந்தார். வலது பின்பக்கம் இரண்டு சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. "இந்தப் பக்கம் எப்பவும் என்னங்க ஏத்துவீங்க?" என்றார். யோசித்துப் பார்த்தேன். இருபது லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு, ஜாக்கி, டூல்ஸ் எல்லாம் அந்த மூலையில்தான். வருஷக்கணக்காக நாற்பது கிலோவுக்கு மேல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

உயர்த்துவதைப் பற்றி அவர் சொன்னதை நான் எந்த மோட்டார் இதழிலும் இத்தனை தெளிவாகப் படித்ததில்லை. "பட்டை எத்தனை சேர்த்தாலும் பாடிதாங்க மேல போகும். கல்லுல இடிக்கிறது ஹவுசிங். அது டயர்கூடவேதான இருக்குது?" வண்டிக்கடியில் உருண்டையாகத் தொங்கும் அந்த டிஃபரன்ஷியல் ஹவுசிங்கைக் கையால் தட்டிக் காட்டினார். அதைத் தரையிலிருந்து உயர்த்த டயர் ஒன்றால்தான் முடியும். 215/75 டயரைக் கழற்றிவிட்டு 235/75 போட்டால் விட்டம் மூன்று சென்டிமீட்டர் கூடும். ஹவுசிங் உயர்வது அதில் பாதி. அந்த ஒன்றரை சென்டிமீட்டருக்காக இழுவை குறையும், ஸ்டியரிங் கனக்கும், மீட்டர் அறுபது காட்டும்போது வண்டி அறுபத்திரண்டுக்கு மேல் ஓடும். பாடி மட்டும் உயர்ந்தாலும் தொல்லைதான். பிராப்பல்லர் ஷாஃப்டின் கோணம் மாறி அதிரும், பிரேக் ஓஸ் இழுபடும், கொண்டை ஊசி வளைவில் வண்டி சாயும்.

அதனால் சேர்த்த பட்டையைக் கழற்றிவிட்டு, மற்றப் பட்டைகளுக்குப் பழைய வளைவைத் திரும்பக் கொண்டுவருவது என்று முடிவானது.

அந்த வேலை மறுநாள் சாயங்காலம் நடந்தது. நல்ல வெயிலில் இரும்பின் நிறம் ஏமாற்றும் என்பதால், கூரைக்குள் இருட்டு இறங்கிய பிறகுதான் உலையை மூட்டுகிறார்கள். துருத்தி இருந்த இடத்தில் இப்போது கரண்ட்டில் ஓடும் புளோயர் இருக்கிறது. பிரித்த பட்டைகளில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, விரிசல் இருக்கிறதா என்று விளக்கு பிடித்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு பட்டையையும் கட்டித் தொங்கவிட்டு மேஸ்திரி சுத்தியால் லேசாகத் தட்டினார். நல்ல பட்டை மணிபோல நீள ஒலித்தது. ஒன்று மட்டும் 'டப்' என்று அடங்கிவிட்டது. எவ்வளவு தேடியும் அதில் விரிசல் என் கண்ணுக்குப் படவில்லை. அவர் அதைத் தனியே எடுத்துப் போட்டுவிட்டுப் புதுப்பட்டை வாங்கிவரச் சொன்னார்.

உலைக்குள் பட்டை கருப்பிலிருந்து மங்கிய சிவப்பாகி, பழுத்த செர்ரி நிறத்துக்கு வந்தது. இடுக்கியால் இழுத்துப் பட்டறைக்கல்லில் வைத்ததும், சம்மட்டிக்காரர் மேஸ்திரியின் கண்ணை மட்டுமே பார்த்து அடித்தார். அவர் பீகாரிலிருந்து வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. "கொஞ்சம் திருப்புங்ணா" என்று கொங்குத் தமிழில்தான் பேசுகிறார். எங்கே அடிக்க வேண்டும் என்பதை மேஸ்திரி கைச்சுத்தியால் முதலில் ஒரு தட்டு தட்டிக் காட்டுவார். அடுத்த நொடியே அதே இடத்தில் சம்மட்டி இறங்கும். தரையில் சாக்பீஸால் வரைந்த வளைகோட்டின்மேல் பட்டையை வைத்துப் பார்ப்பதும் மறுபடி அடிப்பதுமாக வேலை நகர்ந்தது. கோட்டோடு ஒட்டியதும் எண்ணெய் டிரம்மில் முக்கினார்கள். தண்ணீரில் முக்கினால் இந்த இரும்பு வெடித்துவிடும். எண்ணெயிலிருந்து எடுத்த பட்டை கண்ணாடிபோல விறைத்து நிற்கும். அப்படியே மாட்டினால் முதல் பள்ளத்தில் உடையும். அதனால் உலையின் ஓரத்தில் மறுபடி இளஞ்சூட்டில் வைத்தார்கள். மேஸ்திரி ஒரு வேப்பங்குச்சியை அதன்மேல் தேய்த்துக்கொண்டே இருந்தார். குச்சி வழுக்கிப் புகைய ஆரம்பித்ததும், "போதும், எடு" என்றார். அவர் வைத்திருந்த வெப்பமானி அந்தக் குச்சிதான்.

இந்தப் பட்டறையில் இந்த அறிவை யாரும் எழுதிவைக்கவில்லை. கற்றுக்கொள்ள இப்போது ஆள் வருவதும் இல்லை. கம்பெனிப் பட்டை வாங்கி மாட்டுவது எளிது என்று ஆகிவிட்டது. எனக்கு அது பெரிய இழப்பாகப் படுகிறது.

முன்பக்க இரும்பு கார்டு பற்றிக் கேட்டபோது அவர் குரல் கொஞ்சம் கடுமையானது. மோதும் வேகம் அந்த இரும்பு வழியாக நேரே சேசிஸுக்குப் போய் உள்ளே இருப்பவர்களைத் தாக்கும், எதிரே நடந்துவருபவருக்கும் அது எமன் என்றார். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே இந்தக் கார்டுகளுக்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதியது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் தந்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், இப்படி மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று சேர்த்தார்கள். மேஸ்திரிக்குப் பிரிவு எண்கள் தெரியாது. ஆனால் அவர் மறுத்த வேலைகளும் சட்டம் தடுக்கும் வேலைகளும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன.

கேரியரும் வேண்டாம் என்றார். மேலே ஏறும் ஒவ்வொரு கிலோவும் வளைவில் வண்டியைத் தள்ளும். தண்ணீர் கேன்களை நடு சீட்டுக்குப் பின்னால் தரையோடு, பக்கத்துக்கு ஒன்றாக பெல்ட் போட்டுக் கட்டச் சொன்னார். ஓடைக்குள் இறங்குமுன் டயர் காற்றை இருபது பவுண்டுக்கு இறக்கி, தார்ச்சாலை ஏறியதும் மறுபடி நிரப்பிக்கொள்ள வேண்டும். அதற்கு, பேட்டரியில் ஓடும் சின்னக் காற்று பம்பு ஒன்று போதும்.

அவராகவே சேர்த்தது ஒன்றே ஒன்று. அம்மா இறங்கும் பக்கம் மாட்டிக் கழற்றும்படி ஒரு படி. வழுக்காத செக்கர் தகட்டில், வீட்டு வாசற்படி உயரத்துக்குச் செய்து தந்தார்.

கிளம்பும்போது, "ஐந்நூறு கிலோமீட்டர் ஓடினதும் வாங்க. பட்டை படிஞ்சிருக்கும், யூ போல்ட்டை மறுக்கா டைட் வைக்கணும். இதை விட்டாத்தான் சென்டர் போல்ட் போறதுங்க" என்றார்.

குலதெய்வம் கோயிலுக்கும் வால்பாறைக்கும் போய்வந்து, 540 கிலோமீட்டரில் திரும்பப் போனேன். அம்மா கூடவே வந்திருந்தார். படியை நானே எடுத்துப் போட்டேன். கதவைப் பிடித்தபடி அவர் தானாக இறங்கி, பட்டறை நிழலில் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். மேஸ்திரி வண்டிக்கடியில் படுத்து நட்டில் ஸ்பேனரை மாட்டினார். கால் சுற்றுக்குமேல் போனது. "பாத்தீங்களா?" என்றவர், மறுபக்கத்து நட்டுக்கு ஸ்பேனரை என் கையில் கொடுத்தார்.