ஆயா வைத்த கறிச்சட்டி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

ஒரு பொய்யை ஒப்புக்கொண்டு இக்கட்டுரையைத் தொடங்குகிறேன்.

முதலாண்டில் விடுதிக்கு வந்த முதல் வாரம். அறைத்தோழன் ஒருவன், "நீ ஜவ்வாது மலையாமே? அங்கே எல்லாரும் காட்டுப்பன்றிதான் தின்பீங்களாமே?" என்று கேட்டான். அறையே சிரித்தது. எனக்கு நா எழவில்லை. "இல்லை, எங்கள் வீட்டில் சைவம்" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு பொய்க்காக ஒரு பருவம் முழுதும், ஞாயிறுதோறும் கோழிக்குழம்பு மணக்கும் பந்தியில் அமர்ந்து ரசஞ்சோறு தின்றேன்!

உண்மையில் நான் காட்டுக்கறியை வாயில் வைத்ததே இல்லை. ஆனால் அதைச் சமைத்த கை எங்கள் வீட்டில் இருக்கிறது. அது என் ஆயாவின் கை. எழுபத்தைந்தைத் தாண்டிய ஆயா, அடுப்படியில் உட்கார்ந்தால் பழைய கதை தானே வரும்.

பொங்கலை ஒட்டி ஆண்கள் நாய்களோடு காட்டுக்குப் போவார்களாம். பன்றி விழுந்தால் ஊரே கூடும். காய்ந்த சருகைக் கொளுத்தி மயிர் பொசுங்க வாட்டுவார்கள். கத்தியால் சுரண்டி, மஞ்சள் பூசிக் கழுவுவார்கள். வயிற்றைக் கீறும்போது பித்தப்பை உடையக் கூடாது. உடைந்தால் கறி முழுதும் கசந்துவிடும். அந்த வேலை தாத்தாவுடையது. பிறகு கூறு போடுவார்கள். வீட்டுக்கு ஒரு கூறு. வேட்டைக்கு ஆள் அனுப்ப முடியாத கைம்பெண் வீட்டுக்கும் அதே அளவு.

"காட்டுக்கறி அவசரக்காரிக்கு வேகாதுடா" என்பார் ஆயா. மண்சட்டியில் எண்ணெய் ஊற்றுவதில்லை. கொழுப்புத் துண்டுகளை முதலில் போட்டால் அதுவே உருகி எண்ணெயாகும். சின்ன வெங்காயமும் பூண்டும் அதில் வதங்கியபின் கறி, உப்பு, மஞ்சள். அம்மியில் அரைத்த மிளகு, சீரகம், மல்லி, வரமிளகாய் அடுத்து. விறைப்பான கறிக்குச் சிறிது புளிக்கரைசல். பின்பு கொள்ளியை இழுத்துவிட்டுத் தணலில் வேகவிட வேண்டும். மூன்று கல் அடுப்பில் வைத்த சட்டி பொழுது சாயும்போதுதான் இறங்கும். சாமைச் சோற்றில் போட்டுத் தின்பார்கள். மிஞ்சியதை நீளநீளமாக அறுத்து, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் உப்புக்கண்டம்.

அந்தச் சட்டி ஒருநாள் கவிழ்ந்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. எங்கள் குடிசைக்கு அது வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. வந்தபோது வழக்காகவே வந்தது. பிடிபட்ட தாத்தா, அபராதம் கட்டக் கறவை மாட்டை விற்றார். மாடு போனதும் அப்பா கூலிக்குப் போனார். ஐந்தாம் வகுப்போடு அவர் படிப்பு நின்றது.

சென்ற கார்த்திகையில் முற்றிய சாமைக் கொல்லையைப் பன்றிக்கூட்டம் ஒரே இரவில் உழுதுபோட்டது. பரண்மீது தகர டப்பாவைத் தட்டித் தட்டி அப்பாவின் கை வீங்கியதுதான் மிச்சம். தம்பி கொதித்தான்: "நம்ம சாமையைத் தின்ன பன்றியை நாம ஒண்ணு அடிச்சா என்ன தப்பு?"

அப்பா கோபப்படவில்லை. "ஒரு சட்டிக் கறியில என் படிப்பு போச்சு. உங்க அண்ணன் படிப்பும் போகணுமாடா?" என்றார். தம்பி தலை குனிந்தான். எனக்கும் தொண்டை அடைத்தது.

காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று 2025-இல் அரசு முடிவெடுத்தது. எங்கள் கொல்லையோ காட்டை ஒட்டியே இருக்கிறது! சட்டம் வேண்டாம் என்று விலங்கியல் மாணவனாகிய நான் சொல்ல மாட்டேன். காடு வெறிச்சோடினால் எங்கள் மலையும் வெறும் பாறைதான். ஆனால் இழந்த சாமைக்கு உரிய ஈடு உரிய காலத்தில் கிடைக்க வேண்டும் என்பதை எங்கே சொல்வது? அதனால் இங்கே சொல்கிறேன்.

இந்தப் பொங்கலுக்கு அப்பா ஒரு முற்றிய வெள்ளாட்டுக் கிடாவை அறுத்தார். ஆயா அதே மண்சட்டியை எடுத்தார். நான் அருகிலிருந்து எழுதிக்கொண்டேன். வகுப்பில் படித்தது அடுப்பில் தெரிந்தது. ஓடியாடும் விலங்கின் தசையில் கொழுப்புக் குறைவு, இணைப்புத் திசு அதிகம். அதிலுள்ள கொலாஜன் ஈரச்சூட்டில் மெல்ல மெல்ல ஜெலட்டினாக இளகுகிறது. ஆயாவின் 'அவசரக்காரி' பழமொழிக்கு இதுவே விளக்கம். காட்டுப்பன்றிக் கறியில் டிரிக்கினெல்லா என்னும் புழு இருக்கக்கூடும். நடுக்கறியும் 71 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறினால் அது சாகும். உப்பு ஈரத்தை உறிஞ்சுவதால் உப்புக்கண்டத்தில் நுண்ணுயிர்கள் எளிதில் வளர்வதில்லை. பள்ளி வாசலையே மிதிக்காத ஆயாவுக்கு இவற்றின் பெயர் தெரியாது, செய்கை தெரியும்.

கறி வெந்ததும் ஆயா கூறு போட்டார். தாத்தா காலத்துக் கணக்கு மாறவில்லை. கைம்பெண் வீட்டுக் கூற்றை என் கையில்தான் கொடுத்தனுப்பினார்.

தமிழ் வகுப்பில் மலைபடுகடாம் பற்றிக் கேட்டது அப்போது நினைவுக்கு வந்தது. அதன் தலைவன் நன்னனின் ஊர் செங்கண்மா. எங்கள் மலையடிவாரத்துச் செங்கம்தான் அது. வழிவரும் கூத்தருக்கு மலைவாழ் மக்கள் இறைச்சியும் தினைச்சோறும் கொடுத்து உபசரிப்பதை அப்பாட்டுப் பெருமையோடு பேசுகிறது. பெருமைக்குரியதை நான் ஏன் மறைத்தேன்?

விடுதிக்குத் திரும்பும்போது ஆயா ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். உள்ளே ஆட்டுக்கறி உப்புக்கண்டம். அறையில் அதைப் பிரித்து, "நான் சைவம் இல்லை. எங்கள் ஆயா செய்தது" என்றேன். ஒரு நொடி அமைதி. பிறகு அதே தோழன் ஒரு துண்டைக் கடித்துப் பார்த்துவிட்டு, "இதை வைத்துக்கொண்டா ஒரு பருவம் ரசஞ்சோறு தின்றாய், பாவி!" என்றான்.

ஆறு பேருக்கும் ஆறு கூறு போட்டேன். எல்லாம் ஒரே அளவு.