உதைபந்தும் உழைப்பின் விலையும்

இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளி, சனிக்கிழமை அரைநாளோடு வேலை முடித்து வெளியேறும் உரிமையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பெற்றான். அவ்வரைநாள் ஓய்வே உதைபந்தாட்ட மைதானங்களை நிரப்பிற்று. வாயிற்பணம் சேரவே ஆட்டக்காரருக்குக் கூலி கொடுக்கும் வழக்கம் முதலில் மறைவாகவும், 1885 இல் உதைபந்தாட்டச் சங்கம் இசைந்த பின்னர் வெளிப்படையாகவும் நடைபெறலாயிற்று.

கூலியோ வாரந்தோறும் கொடுபட வேண்டியது; ஆட்டம் வாரந்தோறும் நடைபெறுமென்பதற்கு உறுதியில்லை. எதிரணி கிண்ணப் போட்டியொன்றிற்குச் சென்றுவிடின், காசோடு வந்த கூட்டம் காசோடே திரும்பும். அஸ்ரன் வில்லாக் கழகத்தின் நிர்வாகிகளுள் ஒருவரான வில்லியம் மக்கிரெகர், பேர்மிங்ஹாமில் துணிக்கடை வைத்திருந்த ஸ்கொத்லாந்துக்காரர். வரவு நிச்சயமின்றிச் செலவு மட்டும் நிச்சயமாயிருப்பதன் இடர் வணிகருக்குத் தெரியாததன்று. முன்கூட்டியே வகுத்த அட்டவணைப்படி கழகங்கள் தம்முள் இருமுறை மோதவேண்டும் என்ற அவரது யோசனையே 1888 இல் லீக்காக உருப்பெற்றது. சேர்ந்த பன்னிரண்டு கழகங்களும் லங்காஷயரையும் மத்திய இங்கிலாந்தையும் சார்ந்தவை. தலைநகராம் இலண்டனுக்கு அங்கு இடமிருக்கவில்லை. முதலாண்டில் பிரெஸ்ரன் நோர்த் என்ட் கழகம் 22 ஆட்டங்களில் ஒன்றிலேனும் தோல்வியுறாது வாகை சூடிற்று.

கழகங்களுக்கு உறுதி கிடைத்தது. ஆட்டக்காரனுக்குக் கிடைத்ததோ விலங்கு. ஒப்பந்தக் காலம் முடிவுற்றாலும் கழகம் இசையாவிடின் அவன் லீக்கின் வேறெக்கழகத்திலும் ஆடுதல் இயலாது. 1901 இல் வாரக்கூலியின் உச்சவரம்பு 4 பவுண் என விதிக்கப்பட்டது. 1909 இல் தொழிற்சங்கத்தைத் துறக்குமாறு பணிக்கப்பட்டபோது, மன்செஸ்ரர் யூனிற்றெட் வீரர்கள் மறுத்து நின்றனர். ‘தள்ளிவைக்கப்பட்டோர்’ என்று தமக்குத் தாமே பெயருஞ் சூட்டிக்கொண்டனர். தொழிற்சங்கம் பிழைத்தது. உச்சவரம்பு பிழைத்ததுதான் கொடுமை! மைதானங்களில் பல்லாயிரவர் திரண்ட காலத்திலும் அது நீங்கவில்லை. ஜிம்மி ஹில் தலைமையில் வீரர்கள் வேலைநிறுத்தத்திற்குத் துணிந்த பின்னரே, 1961 சனவரியில், 20 பவுணில் நின்ற அவ்வரம்பு ஒழிந்தது. அவ்வாண்டே ஜொனி ஹெயின்ஸ் வாரத்திற்கு 100 பவுண் பெற்றார். அதுகாறும் மறுக்கப்பட்டது எவ்வளவு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? ஜோர்ஜ் ஈஸ்ற்ஹாம் தொடுத்த வழக்கில், வீரரைத் தடுத்துவைக்கும் முறை நியாயமற்றதென 1963 இல் நீதிமன்றம் தீர்த்தது.

1992 இல் முதற்பிரிவுக் கழகங்கள் பழைய லீக்கினின்றும் விலகிப் பிரீமியர் லீக்கை அமைத்தன. தொலைக்காட்சிப் பணம் வெள்ளமெனப் பாய்ந்தது. வீரரின் ஊதியமும் வானளாவிற்று. ஆயினும் ஆலைத் தொழிலாளியின் சனிக்கிழமைப் பிற்பகலை நம்பிப் பிறந்த அட்டவணை, தொலைக்காட்சியின் வசதிக்கேற்ப ஞாயிறுக்கும் திங்கள் இரவுக்குமாகச் சிதறிப்போயிற்று.