லோயர் கேம்ப்: நெல்லுக்குப் போகும் வழியில் மின்சாரம்

கூடலூரைத் தாண்டிக் குமுளி நோக்கிப் போகும்போது, மலைச்சரிவில் நான்கு ராட்சதக் குழாய்கள் இறங்குவது தெரியும். அவை தரையைத் தொடுமிடம்தான் லோயர் கேம்ப். தேனி மாவட்டத்தின் எல்லையோர ஊர். இதற்கு மேல் மலைப்பாதை, அதற்கும் மேலே கேரளம். மின்வாரியக் குடியிருப்பு, சில டீக்கடைகள், ஐயப்ப சீசனில் விடிய விடிய வாகனங்கள். போகிறவர்கள் பெரும்பாலும் ஜன்னல் வழியே பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அந்தக் குழாய்களில் வருவது பெரியாற்றுத் தண்ணீர். அரபிக்கடலுக்குப் போக வேண்டிய அந்த ஆற்றை அணையால் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிவிட்டவர் பென்னிகுயிக். அணை திறக்கப்பட்டது 1895இல். தேக்கடித் தலைமதகில் நுழையும் தண்ணீர் சுரங்கம் வழியாக வெளியே வந்து, போர்பை அணையில் சற்றே தேங்கி, குழாய்கள் வழியே லோயர் கேம்ப் மின்நிலையத்துக்குப் பாய்கிறது. ஆயிரம் அடிக்கும் அதிகமான வீழ்ச்சி. இயந்திரங்கள் ஓடும்போது, விநாடிக்கு இறங்கும் ஒவ்வொரு நூறு கன அடிக்கும் சுமார் 9 மெகாவாட் என்ற விகிதத்தில் கிடைக்கும். நான்கு இயந்திரங்களும் முழுமூச்சில் ஓடினால் 168. வேலை முடிந்த தண்ணீர் வைரவனாற்றில் விழுந்து, முல்லையாறாகக் கம்பம் பள்ளத்தாக்கைக் கடந்து வைகை அணைக்குப் போகிறது.

இங்கே மின்சாரம் முதலாளி அல்ல, உடன் வருகிற ஆள். எவ்வளவு தண்ணீர் திறப்பது என்பதை வயலும் குடிநீரும்தான் தீர்மானிக்கின்றன. பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல். முதல் போகத்துக்கு ஜூனில் திறந்தால் இயந்திரங்களுக்கும் வேலை வரும். கோடையில் குடிநீருக்கென்று நூறு கன அடி மட்டும் விடும்போது அது இயந்திரத்தைச் சுழற்றப் போதாது. அந்தத் தண்ணீர் குழாய்க்குள் போகாமல் இரைச்சல் பாலம் வழியாக அருவியாகக் கொட்டும். ஊரெல்லாம் மின்விசிறிக்கு அலையும் மாதங்களில் இந்த நிலையம் ஓய்வெடுப்பது வேடிக்கைதான். பெரியாறு அணையில் நீர்மட்டம் 104 அடிக்குக் கீழே போனால் தமிழகத்துக்குத் தண்ணீரே வராது.

பெரியாற்றுத் தண்ணீருக்காகத் திருவிதாங்கூரோடு செய்த 1886 குத்தகை ஒப்பந்தம் பாசனத்தை நினைத்து எழுதப்பட்டது. அந்தத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கலாமா என்று சென்னை மாகாணமும் திருவிதாங்கூரும் வழக்காடின. நடுவராக இருந்த நளினி ரஞ்சன் சட்டர்ஜி 1941இல் கூடாது என்றார். ஆக, அறுபது ஆண்டுகளுக்கு மேல் அத்தனை உயர வீழ்ச்சி வெறும் வீழ்ச்சியாகவே போயிற்று. நாடு விடுதலை பெற்ற பிறகு பேச்சு தொடர்ந்து, 1950களில் நிலையம் எழுந்தது. 1970 உடன்பாட்டில் கணக்கு நேரானது: ஏக்கருக்கு 5 ரூபாயாக இருந்த குத்தகை 30 ஆயிற்று, எடுக்கும் மின்சாரத்துக்கும் கேரளத்துக்குத் தனியே பணம். அணையைப் பற்றி இன்று மேடையில் முழங்குகிறவர்கள், இரு மாநிலங்களும் இப்படி உட்கார்ந்து கணக்குப் பேசித் தீர்த்ததும் உண்டு என்பதைச் சொல்வதில்லை.

இதைவிட வினோதம் ஒன்று உண்டு. லோயர் கேம்ப்பில் மின்சாரமாகும் தண்ணீரைத் தேக்கித் தரும் அணைக்கே இருபது ஆண்டுகள் மின் இணைப்பு இல்லை. 2000இல் துண்டிக்கப்பட்டது, டீசல் ஜெனரேட்டரை வைத்துத்தான் மதகுப் பணிகள் நடந்தன. 2021 ஜனவரியில்தான் மீண்டும் விளக்கெரிந்தது.

பென்னிகுயிக்கின் மணிமண்டபம் லோயர் கேம்ப்பில் 2013இல் திறக்கப்பட்டது. அவர் பிறந்தநாள் ஜனவரி 15. பொங்கலும் அந்த நாளை ஒட்டியே வருவதால், பள்ளத்தாக்கு விவசாயிகள் அவருக்கும் சேர்த்துப் பொங்கல் வைக்கிறார்கள். பக்கத்திலேயே பளியன்குடி. சித்ரா பௌர்ணமியன்று கண்ணகி கோயிலுக்கு மலையேறுகிற கூட்டம் அங்கிருந்துதான் புறப்படும்.

இப்போது மதுரை மாநகருக்கும் இங்கிருந்தே குழாய் போட்டிருக்கிறார்கள், நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் குடிநீருக்காக. ஆற்றில் விட்டு வைகை அணையில் எடுத்துக்கொள்ளுங்கள் என்பது பள்ளத்தாக்கு விவசாயிகளின் கோரிக்கை. என் பார்வையில் அது நியாயமான கேள்வி. ஆற்றில் ஓடினால் வழியெங்கும் கிணறு ஊறும், குழாயில் ஓடினால் ஊறாது.

குமுளிக்குப் போகிறவர்கள் மழைக்காலத்தில் அரைமணி நேரம் இங்கே இறங்கிப் பாருங்கள். மின்நிலையத்துக்குள் அனுமதியின்றி விடமாட்டார்கள். மணிமண்டபத்துக்கு அந்தத் தடை இல்லை.